பொட்டில்லாத நாலு தாள்

காலையில் உன் மகன் நாலு காலண்டர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். கடையைக் காலி பண்ணும்போது சுவரில் இருந்தனவாம். தாளில் பால் கருகிய வாடை இன்னும் போகவில்லை. உன் சாவுக்கு ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, உன்னைப் போலில்லை.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

ஆறு வயதில் இவளுக்கு வலிப்பு ஜாஸ்தியானபோது, எத்தனை தடவை வருகிறது என்று குறித்துவரச் சொன்னார் டாக்டரம்மா. அன்றன்று கிழித்த தாளில், ஒரு வலிப்புக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். கிரிவலப் பாதையில் உன் டீக்கடையில் அதைக் காட்டியபோது சிரித்தாய். "இன்னாப்பா, டாக்டருக்கு ஜாதகம் எடுத்துட்டுப் போறியா?"

உன் கடைக்கு வந்த யாரோ வெள்ளைக்காரி தன் பிள்ளைக்குக் கஞ்சாவில் எடுத்த மருந்து கொடுப்பதாகச் சொன்னாளாம். அவள் பேசியதில் பாதிகூட உனக்குப் புரிந்திருக்காது. இலையை எண்ணெயில் காய்ச்சி வைத்தியனாகிவிட்டாய். "மாத்திரய நிறுத்துடா. இத குடுத்துட்டு அப்புறம் பேசு."

நாலு நாள் வலிப்பில்லை. குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள். பொட்டில்லாத நாலு தாளையும் என்னிடம் வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாய். டீ குடிக்க வந்தவனுக்கெல்லாம் காட்டினாய்.

ஐந்தாம் நாள் வந்த வலிப்பு நிற்கவேயில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன். "கடைய யார் பாக்கறது?" என்றாய். நாற்பது வருஷம் உன் டீயைக் குடித்த வாய், அன்றோடு சரி.

பிழைத்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "பெரியவரே, அந்தச் செடில இருந்து மருந்து எடுக்கறது நெசந்தான். சில வகை வலிப்புக்கு, அளந்து, ரத்தம் டெஸ்ட் பண்ணி, மத்த மாத்திரயோட சேத்துக் குடுப்பாங்க. நீங்க குடுத்தது அது இல்ல. அதுல எவ்ளோ இருக்குனு காய்ச்சினவருக்கே தெரியாது. மாத்திரய திடீர்னு நிறுத்தலாமா? அந்த நாலு நாளும் மயங்கிக் கெடந்திருக்கா."

உன்னிடம் வந்து சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே, "நீ அளவ மாத்தியிருப்ப" என்றாய். தாள்களைக் கேட்டேன், தரவில்லை. பிறகு கிரிவலம் போனால் உன் கடை வரும்போது சாலையின் மறு ஓரத்துக்குப் போய்விடுவேன்.

இவள் இப்போது வேளை தவறாமல் மாத்திரை போடுகிறாள். பொட்டு கம்மியாகிவிட்டது. உன் தாள்களைப் பழைய தாள்கட்டோடு சேர்க்குமுன், நாலிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன்.

"அன்னிக்கெல்லாம் எனக்கு வரலியே தாத்தா?"

"மாத்திரய நிறுத்துன நாளும்மா."

"யாரு நிறுத்துனா?"

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. "நான்தான்" என்றேன்.

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அதையும் எழுதவா என்று கேட்கிறாள். எழுது என்கிறேன்.