வெங்காய ரூமில் ஒரு தொட்டில்

தண்டாயுதபாணி துணை

செட்டிகுளம்
5.5.2004

அன்பு மகள் சசிகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி அரவிந்தன், பிரவீணா, பாப்பா, நான் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பூனாவில் அப்படியே இருக்க வேண்டும் என்று மலைக்கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளைக்கு வயிற்று வலி தேவலையா, கம்பெனி கேண்டீன் சாப்பாட்டை விட்டுவிட்டு நீ கட்டிக் கொடுப்பதைச் சாப்பிடச் சொல். இதைப் போனில் கேட்டால் ஆகாதா என்பாய். போனில் நீ "நல்லா இருக்கேம்மா, வெச்சிடட்டுமா" என்று இரண்டு பேச்சில் முடித்துவிடுகிறாய், எனக்கும் எஸ்.டி.டி. கடையில் நாலு பேர் வாயைப் பார்க்க நின்றுகொண்டு மனசில் இருப்பது வெளியே வர மாட்டேன் என்கிறது. அதனால் நோட்டில் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகாசி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தொட்டிலில் போடுகிறோம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், பிள்ளை தாய்வீட்டிலிருந்து அப்பன் வீட்டுக்கு வந்தால் முதன்முதல் தொட்டிலில் கிடத்துவது அத்தைதான். பாப்பாவுக்கு அத்தை நீ ஒருத்தி. நீ வர வேண்டும். வராமலிருக்க உனக்குக் காரணம் இருக்கிறது, அது எனக்கும் தெரியும், அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் உன் தம்பி பொண்டாட்டி செய்திருக்கிற வேலையைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பிரவீணா சித்திரை பிறந்து மூன்றாம் நாள் தா.பழூர் அம்மா வீட்டிலிருந்து பிள்ளையோடு வந்தாள். அவர்கள் படுக்கிற ரூம் மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டது இல்லையா, இந்த வருஷ வெயிலுக்கு அது உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி இருக்கிறது. மூன்று நாளில் பாப்பா முதுகெல்லாம் வேர்க்குரு. கூடத்தில் போடலாம் என்றால் டிவி, வருகிறவர் போகிறவர், உங்கப்பாவின் இருமல். வீட்டிலேயே குளுகுளு என்று இருப்பது மேற்குப் பக்கம் விதை வெங்காயம் போடுகிற ரூம் ஒன்றுதான், அதற்கு மேலே மட்டும் ஓடு, சன்னலுக்கு வெளியே வேப்பமரம். அதைப் பாப்பாவுக்குக் கொடுத்தால் என்ன என்று இவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அப்பாவிடம் அவருடைய பாஸ்புக்கைக் கூடக் கேட்டு வாங்கிவிடலாம், விதை வெங்காயத்தின் மேல் கை வைக்க முடியுமா. அவரும் எதிர்பார்த்தபடியே, "இன்னும் ஒரு மாசத்துல நடவு, வெதைய எங்க கொண்டுபோயி கொட்டச் சொல்றீங்க" என்று குதித்தார். பிரவீணா பாப்பாவைச் சட்டை கழற்றி அவர் மடியில் குப்புறப் போட்டு, "நீங்களே பாருங்க மாமா" என்றாள், அவ்வளவுதான். அவர் அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய் வண்டியைக் கட்டினார். பொழுது சாய்வதற்குள் விதை வெங்காயம் பூராவும் வயலில் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷமாக நான் இந்த மனுஷனோடு கத்திக்கொண்டிருக்கிறேன், இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லையே.

ரூம் காலியாகிவிட்டது, வாடை போக வேண்டுமே. எத்தனை வருஷத்து வெங்காயம். நான் பெரிய மனுஷி மாதிரி சாம்பிராணி போட்டேன், அது போதாதென்று பன்னீரையும் தெளித்தேன், வெங்காயமும் சாம்பிராணியும் பன்னீரும் சேர்ந்து ஒரு வாடை வந்தது பார், உங்கப்பா வாசலில் நின்றுகொண்டு "கல்யாணப் பந்தி முடிஞ்சு எலை எடுக்கலையா" என்று கேட்டார். பிரவீணாதான் தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தரம் கழுவி, அடுப்புக்கரியை இரண்டு முறத்தில் பரப்பி மூலைக்கு ஒன்றாக வைத்து, நாலு நாள் சன்னலைத் திறந்தே போட்டாள். வாடை போயே போய்விட்டது. நான் இன்னமும் போகிற வருகிற நேரம் மூக்கை நுழைத்துப் பார்க்கிறேன், இல்லை.

அடுத்தது சுவர். பெரம்பலூரில் பெயிண்ட் விலை கேட்டுவிட்டு அரவிந்தன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான், வயரிங் வேலை இப்போது அவனுக்கு வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது. இவள் சுண்ணாம்பும் ஒரு பொட்டலம் காவியும் போதும் என்றாள். முதல் பூச்சு நல்ல சிவப்பாக விழுந்துவிட்டது, கோயில் மதில் மாதிரி. நான் அப்போதே சொன்னேன் பார் என்று வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. அவள் இன்னும் சுண்ணாம்பைக் கலந்து, ஒரு ஓட்டுத் துண்டில் தடவிக் காயவைத்துப் பார்த்துப் பார்த்து, மூன்றாம் தரம் ஒரு நிறம் கொண்டுவந்தாள். உரித்த சின்ன வெங்காயத்தின் நிறம் இருக்கிறதே, வெள்ளையில் லேசாக ரோஸ் ஓடியிருக்கும், அச்சு அசல் அதுதான். உங்கப்பாவுக்குப் பரம திருப்தி, வெங்காயத்தைத் துரத்தினாலும் அதன் கலர் போகவில்லை என்கிறார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வரிசை பூ. என்ன பூ என்கிறாய், நான் குழம்புக்கு வாங்கி வைத்திருந்த வெண்டைக்காய். முற்றின காயாகப் பார்த்துக் குறுக்கே நறுக்கி, நீலச் சாயத்தில் தொட்டுத் தொட்டு அச்சு வைத்திருக்கிறாள், ஐந்து இதழ் அப்படியே விழுந்திருக்கிறது. அன்றைக்குக் குழம்பில் காய் கம்மி என்று நான் முணுமுணுத்தது உண்மை, சாயங்காலம் போய்ப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

சன்னலுக்குத் திரை வேண்டும். மோட்டார் கொட்டகைக்கு வெங்காயம் போனபோது ரூமில் சருகு ஒரு மூட்டை மிஞ்சியிருந்தது, குப்பையில் கொட்டப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். சருகை அண்டாவில் கொதிக்கவைத்து வடிகட்டி, படிகாரம் போட்டு, அப்பாவின் பழைய வேட்டி இரண்டை அதில் ஊறப்போட்டாள். நீ நம்ப மாட்டாய் சசி, வேட்டி நல்ல மாம்பழ மஞ்சளாக வந்தது. காலை வெயில் அந்தத் திரை வழியாக விழும்போது பாப்பா அதையே பார்த்துக்கொண்டு கிடக்கும். உங்கப்பா வருகிறவர்களிடமெல்லாம் அது என் வேட்டி என்று சொல்லிக் காட்டுகிறார், நம் வீட்டில் தபால்காரர் கூட அந்தத் திரையைப் பார்த்தாகிவிட்டது. தொட்டில் கட்டையை ஆசாரி முருகையன் நம் உடைந்த கட்டில் சட்டத்திலிருந்து கடைந்து கொடுத்தார். கொக்கியை அரவிந்தன் மாட்டினான், அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை, ஒரு மூட்டை வெங்காயத்தை அதில் கட்டி ஒரு பகல் பூராவும் தொங்கவிட்டு, மணிக்கொரு தரம் போய் அசைத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றார். பிறந்தபோது மூன்று கிலோ கூட இல்லை என்று சொன்னேன் இல்லையா, இப்போது பாப்பா ஐந்தரைக் கிலோ, கன்னத்தைக் கிள்ள இடம் வந்துவிட்டது.

இன்னொன்று. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களை அவள் பிள்ளை பெற்றதும் கழற்றிப் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். அதையெல்லாம் நூலில் கோத்துத் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டாள், பிள்ளை பார்க்கட்டும் என்று. மறுநாளே நூல் அறுந்து இரண்டு வளையல் தரையில் விழுந்து நொறுங்கியது. நல்லவேளை தொட்டில் காலி. அவள் உடனே எல்லாவற்றையும் இறக்கி, அரவிந்தனிடம் செப்புக் கம்பி வாங்கிக் கோத்து, தொட்டிலைவிட்டுத் தள்ளி எட்டாத உயரத்தில் சன்னல் கம்பியில் கட்டிவிட்டாள். வேப்பங்காற்று அடித்தால் கிணிங் கிணிங் என்கிறது. தப்பு செய்தோம் என்று தெரிந்த நிமிஷத்திலேயே திருத்திக்கொள்கிறாள் சசி. எனக்கு அதற்கு அஞ்சு மாசம் ஆகியிருக்கிறது.

இப்போது அதற்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாள் நன்றாக இருந்தது. நீ வர மாட்டாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, உன் பெரியம்மா இருசம்மாளின் மகளை, அவளும் முறைக்கு அத்தைதானே, பாப்பாவைத் தொட்டிலில் போட வரச் சொல்லிவிட்டேன். பிரவீணாவிடம் காலையில்தான் சொன்னேன். அவள் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "வேணாங்க அத்தை, இவளுக்கு அத்தை பூனாவுல இருக்காங்க, அண்ணி வந்து போடுற வரைக்கும் இவ என் பக்கத்துல பாயில கெடக்கட்டும்" என்றாள். ஊர்க்கண், அது இது என்று நான் ஏதோ சொல்லப் போனேன். அவள், "வளைகாப்பு அன்னிக்கி நான் மணையில உக்காந்திருந்தேன் அத்தை, எனக்கு எல்லாம் தெரிஞ்சுது" என்றாள். வந்தவர்களுக்கு வெறும் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவள் பார்த்ததை நானே என் கையால் எழுதிவிடுகிறேன். கார்த்திகை மாதம், கூடம் நிறைய ஜனம். நீ பூனாவிலிருந்து இரண்டு நாள் ரயிலிலும் பஸ்சிலும் வந்து, குளித்துப் பட்டுப் புடவை கட்டி, அங்கே வாங்கிய பச்சை வளையலை ஒரு கையிலும் சந்தனக் கிண்ணத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பிரவீணாவிடம் போனாய். இருசம்மா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இன்னும் ஒன்றும் இல்லாதவள் முதலில் போடுவதா என்கிற பார்வை. ஒரு வார்த்தை கூட யாரும் சொல்லவில்லை. நான்தான் எழுந்து வந்து உன் கையைப் பிடித்தேன். "நீ அப்புறம் போடலாம், புளியோதரை அடி பிடிக்குது பாரு" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கி இருசம்மா அக்காவிடம் கொடுத்தேன். புளியோதரை அடுப்பிலிருந்து இறக்கி அரை மணி ஆகியிருந்தது, அது உனக்கும் தெரியும். நீ அடுப்படிக்குப் போனாய், எல்லோருக்கும் பரிமாறினாய், மறுநாள் விடியற்காலம் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று கிளம்பிவிட்டாய். மற்றவர்கள் வாயிலிருந்து உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். பெற்றவளே மகளை ஒதுக்கி நிறுத்தினால் மற்றவர்களைச் சொல்லி என்ன. தப்பு என்னுடையது சசி. அப்பாவுக்கு இது தெரியாது, தெரிந்தால் என்னோடு பேச மாட்டார், நீ வேண்டுமானால் வந்து சொல்லிக்கொள்.

பார், இருபத்திரண்டு வயசுப் பெண், சுண்ணாம்பையும் வெண்டைக்காயையும் வெங்காயச் சருகையும் வைத்துக்கொண்டு ஒரு ரூமை இப்படி ஆக்கிவிட்டாள் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அத்தனை அழகாகக் கட்டி முடித்த தொட்டிலைக் காலியாக வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே பிள்ளையைப் பாயில் போட்டுப் படுத்திருக்கிறாளே, அந்த மனசு. வெறும் தொட்டிலை யாரும் ஆட்டிவிடக் கூடாது என்று அதைச் சுருட்டிக் கொக்கியிலேயே முடிந்து வைத்திருக்கிறாள். என் பழைய கத்தரிப்பூ நூல் புடவைதான், நீ சின்னப் பிள்ளையில் போர்த்திக்கொண்டு படுப்பாயே, அது. பாப்பாவுக்கு உன் நெற்றி. நான் சொன்னால் பாசத்தில் சொல்கிறேன் என்பாய், அரவிந்தனே அக்கா மாதிரியே முறைக்குது என்கிறான்.

நீயும் மாப்பிள்ளையும் பதினாறு செல்வமும் பெற்று நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், தண்டாயுதபாணி உங்கள் பக்கத்திலேயே இருப்பான். மாப்பிள்ளையை அப்பா கேட்டதாகச் சொல்லு, லீவு கிடைத்தால் அவரும் வரட்டும், கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது கிளம்பு. சென்னையில் இறங்கித் திருச்சி பஸ் ஏறிப் பெரம்பலூரில் இறங்கினால் தம்பி வண்டியோடு நிற்பான், எந்த பஸ் என்று எஸ்.டி.டி. கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு. கைப்பையைப் பஸ்சில் மடியிலேயே வைத்துக்கொள்.

வரும்போது வளையல் எதுவும் வாங்கி வராதே. அன்றைக்கு நீ அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுப் போன பச்சை வளையல் ஒரு டஜனும் காகிதம் பிரிக்காமல் பிரவீணாவிடம் இருக்கிறது. மற்றதெல்லாம் சன்னலில் தொங்குகிறது, இதை மட்டும் கட்டவில்லை, ஏன் என்று கேட்டதற்கு, "அது அண்ணி என் கையில போட வேண்டியது" என்கிறாள். பத்தாம் தேதி நீ முதலில் அவளுக்கு அதைப் போடு, அப்புறம் பாப்பாவைத் தொட்டிலில் போடு. இருசம்மா அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். சந்தனக் கிண்ணத்தை நானே உன் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
செ. சம்பூர்ணம்