பூட்டுக்குள் இருந்த சூடு

ஓசூர்
3.6.2025, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

லட்சுமி எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நானும் உங்கள் மகள் ஹரிணியும் நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, முக்கியமானதை எழுதிக் கமலக்கண்ணன் அண்ணன் வேனில் கொடுத்தனுப்பலாம் என்று முடிவு செய்தோமே, இது அப்படிப்பட்ட விஷயம்.

எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று நீங்கள் செய்த எஸ்பிரசோ மிஷினை நேற்று ஓட்டினேன். பால் நுரைக்கிறது, காபி தேன் மாதிரி இறங்குகிறது. உங்கள் கைக்கு முத்தம். ஆனால் காபித் தண்ணீருக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று என்று இரண்டு டெம்பரேச்சர் கன்ட்ரோலரையும் மிஷின் முதுகில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களே, ஏன்? சாவி எங்கே?

பதிமூன்றாம் தேதி ஒரு கம்பெனி கேன்டீனில் அறுபது பேருக்குக் காபி போட்டுக் காட்ட வேண்டும். பிடித்தால் அங்கே காபிக் கடை போட ஒரு மூலை தருவார்கள். அதை நம்பித்தான் ஃபேக்டரி லைன் வேலையை விட்டேன். மிஷின் முன்னால் நிற்கப்போவது நான். இரண்டையும் என் கண்ணுக்கு நேராக, கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

அன்புடன்,
முனிலட்சுமி


போச்சம்பள்ளி
6.6.2025

அன்புள்ள லட்சுமிக்கு,

சானமாவு காட்டருகே யானைகள் ரோட்டோரம் நின்றதால் கமலக்கண்ணன் ஒரு நாள் தாமதம். ஹரிணி புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாளா? இங்கே பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை. இரண்டு ஞாயிறு லீவு கிடையாது.

கன்ட்ரோலர் விஷயம். முன்பக்கம் வைத்தால் ஆவி படும், ஈரத்தில் ஒரு மாதம் தாங்காது. பாய்லருக்கு மேலே வைத்தால் வெந்துவிடும். பின்பக்கம்தான் சூடு குறைவு. பூட்டு எதற்கென்றால், பதினைந்து வருஷமாக மெயின்டனன்ஸில் பார்க்கிறேன். திறந்து வைத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் பட்டனை அழுத்துவான். அப்புறம் என்னைத்தான் கூப்பிடுவான். அதனால் நாங்கள் செட் பண்ணி, பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வோம். காபித் தண்ணீருக்குத் தொண்ணூற்றைந்து டிகிரி வைத்திருக்கிறேன். நீ தொட வேண்டிய அவசியமே வராது.

உன்,
திம்மராயன்


ஓசூர்
9.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வருகிறவன் போகிறவனில் நானும் ஒருத்தியா? பத்து வருஷம் ஆபரேட்டராக நின்றவள் நான். ஹீட்டர் சூடு தப்பினால் லைனில் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் ஆட்கள் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வருவதற்குள் நூறு பீஸ் கழிவாகியிருக்கும். கெடுத்தது ஆபரேட்டர் என்று ரிப்போர்ட்டும் எழுதுவீர்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் சாவியைக் கமலக்கண்ணன் அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். கோபமாக எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

முனிலட்சுமி


ஓசூர்
14.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சாவி வரவில்லை. நடந்ததைக் கேளுங்கள்.

பழைய பொடி தீர்ந்ததால், கருக வறுத்த கொட்டை வாங்கி அரைத்துக்கொண்டு போனேன். அதற்கு உங்கள் தொண்ணூற்றைந்து அதிகம். முதல் பத்து கப்பும் கசப்பு. கேன்டீன் பொறுப்பாளர் வெங்கடசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "மிஷின் நல்லாத்தாம்மா இருக்குது. காபிதான் வாயில வைக்க முடியல" என்றார். உங்களுக்குப் போன் அடித்தேன். அது வழக்கம்போல உங்கள் பிளான்ட் கேட் செக்யூரிட்டியிடம் தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஐம்பது பேர் வரிசை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பெட்டியைச் சரியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் கீல். கீலின் நான்கு ஸ்க்ரூவும் வெளியே! பதினைந்து வருஷ மெயின்டனன்ஸ் ஆளே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பிளக்கைப் பிடுங்கி, கீலைக் கழற்றி, திரும்ப மின்சாரம் கொடுத்துத் தொண்ணூறுக்கு இறக்கினேன். கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டேன். அடுத்த கப்பை வெங்கடசாமி முழுசாகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். திங்கள் முதல் மூலை நமக்கு.

இன்று காலை பக்கத்துப் பட்டறையில் துளை போட்டு, காபித் தண்ணீர் கன்ட்ரோலரை முன்பக்கம் இடது ஓரத்தில் மாட்டிவிட்டேன். ஆவிக் குழாய் வலது பக்கம்தானே, ஈரம் எட்டாது. இனிமேல் சாவி வேண்டாம்.

முனிலட்சுமி


போச்சம்பள்ளி
17.6.2025

அன்புள்ள லட்சுமிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூலை கிடைத்ததற்கு ரூமில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். கீல் விஷயத்தை மட்டும் இங்கே யாருக்கும் சொல்லாதே, மானம் போய்விடும்.

கமலக்கண்ணன் புதன்கிழமையே சாவி கேட்டான். மறந்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். மறக்கவில்லை, பாக்கெட்டில்தான் இருந்தது. ஆவியும் ஈரமும் உண்மைதான், ஆனால் பூட்டுக்கு அவை காரணம் இல்லை. வாரத்தில் ஆறு நாள் இங்கே கிடக்கிறேன். வேலையை விட்டது, கேன்டீனைப் பிடித்தது, ஹரிணியைப் பார்ப்பது, எல்லாம் நீயே செய்கிறாய். சூடு சரியில்லை என்றாலாவது என்னைக் கூப்பிடுவாய் என்று இருந்தேன். அதற்காக உன்னை அறுபது பேர் முன்னால் நிற்கவைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. வெட்கமாக இருக்கிறது.

இந்த ஞாயிறு லீவு கிடைத்திருக்கிறது. வரட்டுமா?

திம்மராயன்


ஓசூர்
19.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சொந்த வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிற புருஷனை ஜில்லாவிலேயே நான்தான் கட்டியிருக்கிறேன். நன்றாகத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கூப்பிட வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தினமும் கூப்பிட்டிருப்பேனே. எனக்கும் இங்கே ஆள் இல்லாமல்தான் இருக்கிறது.

கேன்டீனில் தினமும் எண்பது கப் போகிறது. மூன்று கொட்டை மாற்றிப் பார்த்தேன், மூன்றுக்கும் மூன்று சூடு. ஹரிணி நோட்டில் எழுதி வைக்கிறாள்.

நீராவி கன்ட்ரோலர் இன்னும் பின்பெட்டியில்தான் இருக்கிறது. அதன் வயர் இடது பக்கம் எட்டவில்லை, வலது பக்கம் வைத்தால் ஈரம். எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மனசுக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை. அதற்குத் துளை போடாமல் வைத்திருக்கிறேன்.

முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள். இடத்தை நீங்கள் காட்டுங்கள், டிரில்லை நான் பிடிக்கிறேன்.

உங்கள்,
லட்சுமி