பரீட்சையில் தேறிய புருஷன்

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு வேடிக்கை கேள். கணினிக்குள் மனிதரைப் போலப் பேசும் மெய்நிகர் ஆளை உருவாக்கத்தானே இங்கே பாடம் நடத்துகிறேன்? மாணவர்கள் என்னைப் போலவே ஓர் ஆளை உருவாக்கிவிட்டார்கள். பரீட்சைக்காக என் போனைக் கொடுத்தேன். போன வாரம் முழுக்க உனக்குப் பதில் போட்டது நானல்ல, அந்த மெய்நிகர் ஆள்தான். "குறுக்கே பேசாதே, முதலில் கேள்" என்று நான் கற்பித்ததை அப்படியே செய்தது.

"இப்பத்தான் மனுஷனாட்டம் பேசுறீங்க" என்று நீ எழுதியதைத் திரையில் காட்டினார்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே முழு மதிப்பெண் போட்டேன்.

நேற்று நானே எழுதினேன். "என்ன, மறுபடி பழையபடி ஆயிட்டீங்களா?" என்றாய். மறுபடி அந்த ஆளையே பதில் போட வைத்தேன். உடனே சமாதானமாகிவிட்டாய்.

வகுப்புக்கு நேரமாகிறது. என் பழைய போர்வையை மறக்காமல் அனுப்பு. அந்த ஆளுக்குக் குளிராது, எனக்குக் குளிர்கிறது.