அப்பச்சனுக்கு நான் அதிகமாகக் கொடுத்த மாத்திரை

அன்புள்ள லிஜி மோளுக்கு,

நீயும் ஷிபுவும் குழந்தையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுத இந்தமுறை கை வரவில்லை. அப்பச்சனுக்குக் காய்ச்சல், அதனால்தான் ஆஸ்பத்திரி என்று போனில் சொன்னேன், அது பொய். அவர் காதில் விழும்படி சொல்ல முடியாத சங்கதி, அதனால்தான் கடிதம்.

ஓணத்துக்கு முந்தின ஞாயிறு, மாதா கோயிலில் பூசை நடுவில் அப்பச்சனுக்கு வேட்டி நனைந்துபோனது. முப்பது வருடம் பயணிகள் படகு ஓட்டிய மனிதர், அன்று யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அடுத்து குட்டப்பன் மகள் கல்யாணம் வந்ததா, நாலு நாள் முன்பே, இதயத்துக்காகக் கொடுக்கும் நீர் போகிற மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் கொடுப்பேன், வாயில் போடுவார், நான் திரும்பியதும் சன்னல் வழியாக வாய்க்காலில் துப்பிவிடுவார். கல்யாணத்தில் மீன்கறியும் ஊறுகாயும் ஒரு பிடி பிடித்தார். மறுநாள் கால் இரண்டும் பூசணிக்காய், படுத்தால் மூச்சு முட்டுகிறது. கேட்டதற்கு, "ஆமாடி, துப்பினேன். நாலு பேர் முன்னாடி நனைஞ்சு நிக்கறதுக்கு மூச்சு முட்டியே போயிடலாம்" என்றார்.

எனக்குக் கோபம். டாக்டரைக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருட நர்ஸ், எனக்குத் தெரியாததா என்ற திமிர். ஒன்றுக்கு இரண்டாக ஆறு நாள், என் கண்முன்னே விழுங்கவைத்துக் கொடுத்தேன். வீக்கம் வடிந்தது, பெருமையாகக்கூட இருந்தது. ஆறாம் நாள், "எடியே அன்னக்குட்டி, கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்குது, எந்திரிக்கத் தெம்பில்ல, நெஞ்சுக்குள்ள தவளை குதிக்குது" என்றார். தைலம் தேய்த்துவிட்டேன் மோளே. தண்ணீர் இறங்கினால் உப்பும் பொட்டாசியமும் கூடவே இறங்கும், ரத்தம் பார்க்காமல் கூட்டாதே என்று எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான், என் புருஷன் காலுக்குத் தைலம் தேய்த்தேன். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அப்படியே சாய்ந்துவிட்டார். படகு பிடித்துக் கொண்டுபோனோம். மூன்றரைக்குக் கீழே போகக்கூடாத பொட்டாசியம் இரண்டு புள்ளி மூன்று. நீயும் நர்ஸ்தானே, உனக்கு அதற்குமேல் சொல்ல வேண்டாம். ராத்திரி பகலாகப் பொட்டாசியத்தை மெதுவாக ஏற்றினார்கள். நரம்பு எரிகிறது என்று அந்த நர்ஸ் பிள்ளையிடம், "என்ன கொச்சே, மொளகாய அரைச்சு ஏத்துறியா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியது அன்றோடு சரி.

பொட்டாசியம் ஏறிவிட்டது, கூடவே கெட்டுப்போன சிறுநீரகம்தான் தேறவில்லை. டாக்டர் பிரசன்னன் என்னை வெளியே கூப்பிட்டு, "சிஸ்டரே, தண்ணிய எடுத்தா கிட்னி போகுது, விட்டா நுரையீரல் நிறையுது. டயாலிசிஸ் இந்த இதயம் தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் மாத்திரையை அதிகமாகக் கொடுத்ததாலா என்று கேட்டேன். "இதயம் ஏற்கெனவே பாதி போயிருந்துச்சு" என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

இப்போது நடு அறையில் மூன்று தலையணை வைத்துச் சாய்த்திருக்கிறேன். வியாழன்தோறும் வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ், மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுத்துப் போகிறாள். இத்தனை நாள் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், அதற்குமேல் ஒரு வாய் கொடுக்கமாட்டேன். நேற்று கஞ்சித்தண்ணி கேட்டார், கிண்ணம் நிறையக் கொடுத்தேன், குடித்துவிட்டு இன்னும் கேட்டார், கொடுத்தேன். இனி தேறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. என் தவறுதான் என்று அவரிடம் சொல்லவும் தைரியமில்லை. உனக்குக் கோபம் வந்தால் என்மேலே காட்டு, அவரைத் திட்டாதே.

உன் வார்டிலும் யாராவது கிழவர் கால் இழுக்கிறது, ஒன்றுமில்லை விடு என்பார். விடாதே. அடுத்த மாத்திரைக்கு முன் ரத்தம் பார்க்கச் சொல்.

லீவு கிடைத்தால் உடனே புறப்படு, கிடைக்காவிட்டால் உன்னை நொந்துகொள்ளாதே. குளித்து ஜெபம் சொல்ல மறக்காதே. உங்கள் மூவரையும் மாதா காக்கட்டும். ஒன்று மட்டும் மோளே, முந்தாநாள் நான் நாடி பிடித்தபோது கையை உருவிக்கொண்டு, "வீட்ல ரெண்டு நர்ஸு இருந்து என்ன, பொண்டாட்டியும் மகளும் எங்கடி?" என்றார். வந்தால் வீக்கமா என்று அவர் காலை அழுத்திப் பார்க்காதே. சும்மா பக்கத்தில் உட்காரு.

உன் அம்மச்சி,
அன்னக்குட்டி