பக்கத்து இருக்கைக்கு ஓர் ஆள்

வேப்பம்பட்டு,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

ரேணுகா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஜபல்பூரில் குளிர் தொடங்கிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். அம்மா கொடுத்த மப்ளரைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். எட்டு மாதமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அம்மாவின் போனில் நான் வாயைத் திறந்தால் "டூட்டிக்கு டைம் ஆச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் சேதி. விமானம் ஓட்டும் தேர்வில் தேறிவிட்டேன். வியாழக்கிழமை உரிமம் கைக்கு வந்தது. போட்டோவில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிக்கிறேன். ஆனாலும் உரிமம் உரிமம்தான்.

அம்பத்தூர் எஸ்டேட் வேலையில் சேர்த்ததை எல்லாம் சேலம் பக்கத்துப் பயிற்சிப் பள்ளியில் கட்டினேன் என்று தெரிந்த அன்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கடைல பேனா கேக்கவே என்னை இட்டுக்கினு போற பொண்ணு நீ. ரேடியோல எவன்கிட்ட இன்னா பேசுவே? மேல போயி பயந்துகினா யாரு வருவா?" நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. காலேஜில் சேரப் போனபோது பிரின்சிபால் என் பெயரைக் கேட்டார். நீங்கள்தான் சொன்னீர்கள்.

சனி, ஞாயிறுகளில்தான் பயிற்சி. ஒவ்வொரு முறை ரேடியோவில் பேசும்போதும் விமானங்களுக்கு வழி சொல்லும் டவரிலிருந்து "மறுபடி சொல்லுங்க" என்பார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த ஷிபா பூந்தமல்லிப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள். "அக்கா, கொசு பேசுற மாதிரி கீது. அந்தாளு பாவம்" என்றாள். அதனால் நம் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகும் நேரம் பார்த்து பிளாட்பாரக் கடைசியில் நின்று, ரேடியோவில் சொல்ல வேண்டியதைக் கத்திப் பழகினேன். பூ விற்கும் நாகம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, ரயிலாண்ட சண்ட போட்டுகினு கீறே? அது நிக்காது, ஊட்டுக்குப் போ" என்றார்.

குரல் ஏறியது. பழக்கம் மாறவில்லை. ஜூலையில், என்னைத் தனியாகப் பறக்க விடலாமா என்று பார்த்த அன்று, இறங்கப் போகும் நேரத்தில் முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லை. அப்படி இருந்தால் இறங்காமல் திரும்ப மேலே ஏறிவிட வேண்டும். நானோ ரேடியோ பட்டனை அமுக்கி, "மேலே போகலாமா சார்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். ஷிபா சட்டென்று என் கையோடு சேர்த்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திராட்டிலைத் தள்ளினாள். தரைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "உசுரு போற நேரத்துல யாராண்ட பர்மிஷன் கேட்டுகினு கீறே? மொதல்ல மேல ஏத்து. அப்பால சொல்லு. கேக்காத, சொல்லு!"

அன்று தனியாக விடவில்லை. என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த ஒரே காரியம் இந்தப் பயிற்சிதான். அதற்கே நம் வீட்டில் பேச்சு நின்றுபோனது. இன்னொன்றைக் கேட்காமல் செய்ய எனக்குக் கை வரவில்லை, அப்பா. ஒரு மாதம் கழித்துத் தனியாக அனுப்பினார்கள். அன்று ஓடுபாதை காலியாக இருந்தது, தப்பித்தேன்.

தேர்வன்று தப்பிக்க முடியவில்லை. பக்கத்தில் கார்த்திகேசன் என்ற தேர்வு அதிகாரி. கடைசியாக இறங்க டவர் அனுமதி கொடுத்துவிட்டது. ஓடுபாதை அருகில் வந்தபோது வேலிப் பக்கமிருந்து இரண்டு நாய்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு குறுக்கே ஓடிவந்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. என் வலது கை திராட்டிலை முழுக்கத் தள்ளிவிட்டது. முன் மூக்கு உயர்ந்து, நாய்கள் அடியில் போய், விமானம் நன்றாக ஏறத் தொடங்கிய பிறகுதான் பட்டனை அமுக்கினேன். இறங்கவில்லை, மேலே போகிறேன் என்று சொன்னேன். 'சார்' என்றுகூடச் சேர்க்கவில்லை.

இன்னொரு சுற்று சுற்றி இறங்கினேன். எஞ்சினை அணைத்ததும் அவர் ஹெட்செட்டைக் கழற்றிக் காதைத் தடவினார். "இவ்ளோ சத்தம் வேணாம்மா. டவர்ல இருக்கிறவங்களுக்குக் காது கேக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் விமானத்துக்குப் பின்னால் போய் நின்று, ஒருவரும் பார்க்காமல் சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன்.

அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பால் கடை கங்காதரன் அண்ணன், "மேல போனா மழ வருமானு பாத்துட்டு வந்து சொல்லு, பால் கேன் வெளில கீது" என்கிறார். முன்பானால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். இப்போது, "பாத்துச் சொல்றேண்ணா" என்றேன்.

இந்த உரிமத்தில் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பறக்கலாம். ஷிபா தானே முதல் ஆள் என்கிறாள். அம்மா புடவையே எடுத்து வைத்துவிட்டார். இருவரையும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்கு உங்களுக்கு லீவு உண்டு. கிளம்பும் முன், பக்கத்தில் உட்காருபவரின் எடையைப் படிவத்தில் எழுதியாக வேண்டும். குத்துமதிப்பாகப் போடக் கூடாது. உங்கள் ஃபாக்டரி டிஸ்பென்சரியில் எடை மெஷின் இருக்கும். கோபம் தீர்ந்ததா என்றெல்லாம் எழுத வேண்டாம். அந்த ஓர் எண்ணை மட்டும் ஒரு கார்டில் போட்டு அனுப்புங்கள். இளைத்திருந்தாலும் கூட்டிப் போடாதீர்கள்.

படிவத்தில் மற்ற எல்லாவற்றையும் பென்சிலால் நிரப்பி வைத்துவிட்டேன்.

உங்கள் மகள்,
ரேணுகா