சன்னாசி வீட்டு வாசற்படி

ஒக்டோபர் 9, வியாழன்

காலையில் வெயில். இரண்டு மணிக்குமேல் மழை. தகரத்தில் புதிதாக ஓர் ஓட்டை, கட்டிலுக்கு நேர்மேலே. வாளி வைத்தேன். கட்டிலை நகர்த்த இந்த ஒற்றை அறைக் காம்பராவில் எங்கே இடம்.

மூன்றரைக்குச் செய்தி. சன்னாசி போய்விட்டான். விடியற்காலையில் நெஞ்சுவலி, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் லயத்து அறைக்கும் அவன் தனி வீட்டுக்கும் முந்நூறு அடி.

நேற்று ஐந்து மணிக்கும் அவன் வீட்டுக்கு முன்னால் ரோட்டோரத்தில் உட்கார்ந்து பேசினோம். கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போனது பற்றி. என் முழங்கால் பற்றி. தீபாவளிக்கு அவன் பெண்கள் நாலு பேரும் வருவது பற்றி. எழும்பும்போது வழக்கப்படி:

"உள்ள வாடா."

"உறுதி வந்துச்சா?"

"வரல."

"அப்ப நான் வர்றேன்."

வீட்டுக் காணியின் உறுதிப் பத்திரம் பற்றிப் பதினாறு வருடமாக இதே நான்கு பேச்சு. நேற்று அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. செருப்பு வார் அறுந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

மூட்டம். மழை இல்லை.

செய்தவை: மரண அறிவித்தல் எழுதினேன். தோட்டத்தில் எழுதத் தெரிந்தவன் என்று இன்றைக்கு மட்டும் ஞாபகம் வருகிறது எல்லோருக்கும். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. மீதி, சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் தாளில் படித்தது. "சன்னாசி, வயது 71. பாக்கியத்தின் அன்புக் கணவர், நான்கு புதல்வியரின் தந்தை." மருமக்கள், சம்பந்திகள், பேரப்பிள்ளைகள் என்று போட்டு முடித்தால் தாள் நிறைந்துவிட்டது. சிநேகிதன் என்று போடும் வழக்கம் இல்லை. போடவில்லை.

வெள்ளைக் கொடிக்குக் கம்பு வெட்டினேன். ஹந்தானை வளைவிலிருந்து வீடு வரை முப்பத்தொரு கொடி.

இரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. மூடியபடி, ரோட்டில் நின்ற என்னைத் தாண்டி உள்ளே போனது. ஹாலில் வைத்துத் திறந்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் பெட்டியின் கால் பக்கமும் ஒரு குத்துவிளக்கும் மட்டும் தெரிகிறது.

பாக்கியம் வெளியே வந்தாள். அழுது வீங்கிய முகம். என்னைப் பார்த்து ஒரே கேள்வி.

"அண்ணே, இன்னிக்குமா?"

உறுதி வரவில்லையே தங்கச்சி என்றேன். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பதினாறு வருடத்துக்கு முன், வீட்டுக்கு ஏழு பேர்ச் அளவு காணி என்று லயத்து ஆட்களுக்கு இருபத்துநாலு வீடு கட்டினார்கள். சாவி தருவோம், காணி உறுதி பிறகு பார்ப்போம் என்றார்கள். உறுதி இல்லாத வீடு லயத்தை விடக் கேவலம், யாரும் சாவி வாங்கக் கூடாது என்று நான் சொன்னேன். மாரியம்மன் கோயிலில் வைத்து இருபத்துநாலு குடும்பமும் சரி என்றது. மறுநாள் காலையில் வரிசையில் முதல் ஆள் சன்னாசி. ஒரே காம்பராவில் நாலு பெண் பிள்ளைகள், மூத்தவள் வயதுக்கு வந்து மூன்று வருடம். பாக்கியம் கேட்டிருக்கிறாள், அவன் போய் நின்றான். பெயர்தான் சன்னாசி. அவனுக்குப் பின்னால், என்னைத் தவிர, மற்ற இருபத்திரண்டு பேரும்.

நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "உறுதி கைக்கு வர்ற வரைக்கும் ஒன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்."

அவன் கேட்டான்: "வாசலுக்கு வெளிய மிதிக்கலாமில்ல?"

அன்று மாலை உட்கார இரண்டு கதிரையை அவனே தூக்கிவந்து ரோட்டோரத்தில் போட்டான். தேத்தண்ணியும் வந்தது. அதை மறுக்கத் தோன்றவில்லை. ரோடு தோட்டத்துடையது, அவன் வீடு இல்லை.

ஒக்டோபர் 11, சனி

பத்து மணிவரை வெயில். பிறகு மலையிலிருந்து மூட்டம்.

ஒரு பெரிய மனிதர் மலர்வளையத்தோடு வந்தார். யாரென்று எழுத மாட்டேன். ஹாலைச் சுற்றிப் பார்த்து, "வீடு நல்லா கட்டிக் குடுத்திருக்கோம்" என்றார். ரோடு வரை கேட்டது. பிணத்தைப் பார்க்க வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்.

தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். சடங்கு செய்யும் பண்டாரத்தின் குரல்: "வாய்க்கரிசி போடுறவங்க எல்லாம் வாங்க. பெட்டி மூடப் போறோம்." மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

கால் எழும்பவில்லை என்று எழுதினால் பொய். எழும்பியது. நான்தான் நிறுத்தினேன்.

இப்போதெல்லாம் ஆணி இல்லை, திருகு. மூடிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

பெட்டி வாசலைத் தாண்டி வந்ததும் முன்பக்கம் இடது தோள் நான் கொடுத்தேன். மருமகன் ஒருவன், "நீங்க வயசானவங்க, விடுங்க" என்றான். விடவில்லை. வெளியே வந்துவிட்டால் அவன் எனக்கும் சொந்தம். மயானம் வரை தோள் மாற்றவில்லை. இப்போது தோளில் எலுமிச்சை அளவு வீக்கம். தைலம் தேய்க்க ஆள் இல்லை.

திரும்பி வரும்போது தண்ணீர் விழும் பீலியடியில் கால் கழுவ நின்றேன். முன்னால் கம்பளை ஊர்ச் சம்பந்தி, சன்னாசியின் இரண்டாவது பெண்ணுக்கு மாமனார். கூட அவருடைய ஆள் ஒருவர். நான் பின்னால் நிற்பது தெரியாது.

"சம்பந்தி கடைசி வரைக்கும் ஆசாரமா இருந்துட்டுப் போயிட்டாரு."

"அப்புடியா?"

"அந்தக் கெழவன் இருக்கானே, தோள் குடுத்தானே, அம்புட்டு சிநேகிதமாம். ஆனா ஒரு நாளும் வாசப்படி ஏத்துனதில்ல. தேத்தண்ணி கூட ரோட்டுலதான். இன்னிக்கும் பாத்தீங்கல்ல? வாய்க்கரிசிக்குக் கூட உள்ள வரல. அவுங்க எடம் அவுங்களுக்குத் தெரியுது."

"என்ன ஆளுக?"

"கேக்கவா வேணும்?"

அந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை. வேறு யாரையோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். லயத்துக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் விளங்கியது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. மழை. வாளி இரண்டு தடவை நிறைந்தது.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பூனை குட்டி போட்டிருக்கிறது, விறகுக்குப் பின்னால். மூன்று.

வசந்தி வந்தாள். சன்னாசியின் கடைசிப் பெண், கண்டியில் மருந்துக்கடையில் வேலை. தோளுக்கு மருந்து கொண்டுவந்திருந்தாள். பீலியடியில் கேட்டதை அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு முதல் அடி.

"ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா. பத்து வருசத்துக்கு முன்ன ரெண்டாவது அக்காவப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே கேட்டாங்க. வெளிய கதிரையில இருக்குறது யாரு, ஏன் உள்ள வரலைன்னு. என் சிநேகிதன், அவன் வரமாட்டான்னு அப்பா சொன்னாரு. அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நல்ல குடும்பம்னு அங்கேயே வெத்தில மாத்திட்டாங்க."

"அவனுக்கு வாய் இல்லையா? வெளங்கச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னாரு மாமா. பொறவு கம்பளைக்குப் போய் மெனக்கெட்டுச் சொன்னாரு. ஒரு உறுதிக்காக எவனாச்சும் வருசக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் குந்துவானான்னு சிரிச்சாங்களாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

வசந்தி மருந்துக் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அவன்கிட்ட யாரும் மூச்சு விடாதீங்க, சொன்னா ரோட்டுக்கும் வரமாட்டான், பொறவு நான் யாருகூட பேசுறதுன்னாரு."

அவள் போன பிறகு கதவைச் சாத்தினேன். பத்து வருடம். தெரிந்துகொண்டே தினமும் இரண்டு கதிரையைத் தூக்கிவந்திருக்கிறான். வழியில் போனவன் வந்தவன் எல்லாம் அவனைச் சாதி பார்க்கிறவன் என்று நினைத்திருக்கிறார்கள், என்னை வாசலில் வைக்க வேண்டியவன் என்று. நான் என்னவோ கொள்கைக்காக உட்கார்ந்திருப்பதாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆட்கள். எங்கள் அப்பாமார் ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். முதலில் எனக்கு வந்த எண்ணம், கம்பளைக்குப் போய் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான். அதை நினைத்ததற்கு வெட்கம். வேறு ஆளாக இருந்தால் மட்டும் ரோட்டில் வைத்துத் தேத்தண்ணி கொடுப்பது சரியாகிவிடுமா?

சன்னாசியை மன்னிக்க முடியவில்லை. சண்டை போட்டிருக்கலாம். என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கலாம்.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கண்டிப் பக்கமிருந்து பட்டாசுச் சத்தம், மலையில் மோதி இரண்டாகக் கேட்கிறது. சன்னாசி வீட்டில் இந்த வருடம் இல்லை. எனக்கு எந்த வருடமும் இல்லை.

மேல் லயத்து ராக்கு வடை கொண்டுவந்தாள். "அண்ணே, நீங்களும் ஒரு சாவி வாங்கியிருந்தா இன்னிக்கு மழைக்கு ஒதுங்க ஒரு கூரை இருந்திருக்கும்" என்றாள். வடையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

என் பெண்டாட்டி காமாட்சிக்கும் அந்த வீடு வேண்டும் என்றுதான் இருந்தது. ஒரே ஒரு தடவை, "பாக்கியம் வீட்டுல தண்ணி கொழாய் உள்ளேயே இருக்கு" என்றாள். பிறகு கேட்கவே இல்லை. இந்தக் கூரைக்குக் கீழேதான் இருமி இருமிப் போனாள். பெண்டாட்டி கேட்டுச் சன்னாசி வரிசையில் போய் நின்றான். அவனைக் கோயில் வார்த்தை தப்பியவன் என்று நான் சொன்னேன். ஊர் அவனைக் குடும்பஸ்தன் என்றது. என்னை ஊர் என்ன சொன்னது என்று தெரியாது. இப்போது தெரியும்.

வடையில் உப்புக் கூட.

ஒக்டோபர் 24, வெள்ளி

பதினாறாம் நாள். காலையில் சுள்ளென்று வெயில். வெள்ளை வேட்டி, சவரம், வாரறுந்த செருப்பைக் கம்பியால் கட்டினேன்.

கருமாதிச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. முன் கதவு திறந்திருந்தது. ஹாலில் பாய் விரித்து முதல் பந்தி. கம்பளைச் சம்பந்தி வாசலைப் பார்த்தபடி நடுவில்.

நான் ரோட்டில் நின்றே சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். "இந்த வீட்டுக்குள்ள என்னைய வரவேணாம்னு சன்னாசி ஒரு நாளும் சொன்னதில்ல. தினமும் கூப்புட்டான். போகாதது நான்."

பந்தி நின்றது. சம்பந்தி எழும்பி வாசல்வரை வந்தார். மரியாதையாகவே பேசினார், அதுதான் தாங்க முடியாதது.

"செத்தவர வுட்டுக்குடுக்காம பேசுறீங்க, பெரியவரே. நல்ல மனசு. ஒக்காருங்க, எலை வெளிய அனுப்பச் சொல்றேன்."

பதினாறு வருடம் உட்கார்ந்து நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இனி எத்தனை வருடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வாயால் தீராது என்று விளங்கிவிட்டது.

செருப்பைக் கழற்றினேன். ஒரு படி. இரண்டு. மூன்று படி என்றே நினைத்திருந்தேன், இரண்டுதான். சம்பந்தி வழியில் நின்றார். "தள்ளுங்க" என்றேன். தள்ளினார்.

உள்ளே போய் அவருடைய இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான். பாக்கியம் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், சோறு வைத்தாள். கை நனைத்தேன்.

சம்பந்தி திரும்பிவந்து உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கை கழுவினார். அவருடைய இலையில் பாதிச் சோறு அப்படியே. ரசம், பாயசம் எல்லாம் நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

எதிர்ச்சுவரில் சன்னாசியின் படம், மாலை போட்டு. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். முழித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வாரத்துக்கு முன் இதே இடத்தில் அசல் முகம் இருந்தது. ரோட்டிலிருந்து பத்து எட்டு வைக்கும் தூரம்.

லயத்துக்குத் திரும்பும்போது பீலியடியில் இளவட்டங்கள்: "பாரு, கருமாதிச் சோத்துக்குப் பெருசு வைராக்கியத்த வித்துருச்சு." திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் சொல்வதும் ஒரு கணக்கில் சரி. உறுதி வரவில்லை, நான் போய்விட்டேன்.

ஒக்டோபர் 25, சனி

காணி உறுதிக்கு மனு எழுதினேன், பாக்கியத்தின் பெயரில். "எனது கணவர் இறந்துவிட்டபடியால்" என்று தொடங்க வேண்டியிருந்தது. மூன்று தாள் கிழித்தேன்.

விட மாட்டேன். வீட்டுக்குள் போனதால் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

பகல் முழுவதும் புழுக்கம். ஓட்டைக்குத் தார் பூசினேன். பூனைக்குட்டியில் ஒன்றைக் காணவில்லை.

ஐந்து மணிக்குக் கால் தானாகப் போனது. கையில் மனு. பாக்கியம் கையெழுத்துப் போட வேண்டும்.

ரோட்டோரத்தில் கதிரை இல்லை. எடுத்துப் போட ஆள் இல்லை. புல்லில் கதிரைக் கால்களின் எட்டுத் தடம் மட்டும், நாலு ஒரு பக்கம், நாலு ஒரு பக்கம். அதற்குள் புல் முளைக்கப் பார்க்கிறது. அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூறல் ஆரம்பித்தது. மனுவை வேட்டி மடிப்பில் வைத்தேன்.

அடுப்படி ஜன்னலிலிருந்து பாக்கியம்.

"உள்ள வாங்கண்ணே."

நான் நினைத்துச் சொல்லவில்லை, என் வாய்ப் பழக்கம்:

"உறுதி வந்துச்சா?"

உள்ளே கோப்பை வைக்கும் சத்தம். பிறகு,

"வரல. தேத்தண்ணி ஆறுது."

செருப்பைக் கழற்றினேன். கம்பி காலில் கிழித்திருக்கிறது, மருந்து போட வேண்டும்.