பெடாஸிலேயே நின்றுவிட்ட நீலப் பெட்டி

என் வாயாடித் தங்கச்சி மலருக்கு,

உன் நீலப் பெட்டி ஒன்பது தடவை மருத்துவமனைக்குப் போகவே இல்லை. பெடாஸில், என் கடையில், மேசைக்குக் கீழே இருந்தது. போய்வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். நீ கண்ணை மூடிப் பதினொரு மாதம் கழித்து இதைச் சொல்ல வாய் வந்திருக்கிறது. உன்னைப் பற்றி வேறு விதமாகப் பேசியவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

அவர்களுக்கு விளங்க வேண்டுமே, அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மனித உடம்பின் உயிரணுக்களைத் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில் சிவப்புத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பாய். அவற்றின்மேல் கதிர் பாய்ச்சி, இரண்டு வாரம் வளரவிட்டு, சாயம் போட்டு, பிழைத்துக் குடும்பமாகப் பெருகியவை எத்தனை என்று எண்ணுவாய். உங்கள் ஆய்வுக்கூடம் ரெம்பாவ் பக்கம். கதிர் இயந்திரமோ மந்தின் தாண்டி ஒரு மருத்துவமனையில். நடுவில் ஓடியது என் வேன்.

சிவப்பு நாடா ஒட்டிய பெட்டிக்குக் கதிர். நீல நாடா பெட்டிக்குக் கதிர் கிடையாது. ஆனாலும் நீலமும் அதே வண்டியில் ஏறி, அதே குழியில் குலுங்கி, அதே அறைக்குள் போய், இயந்திரம் ஓடாமல் அத்தனை நிமிடம் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். முதல் இரண்டு தடவை, ஒத்திகைக்கு, நீயே கூட வந்தாய். "கதிர் படாததை எதுக்கு ஏத்திக்கிட்டு போவணும்? பெட்ரோல் என்ன பைப்புத் தண்ணியா?" என்று கேட்டேன். சீட் பெல்ட்டை இழுத்துப் பெட்டிக்கு மாட்டிக்கொண்டே சொன்னாய்: "சும்மா போயிட்டு வர்றதுதாண்ணே அதோட வேலை. உன்னை மாதிரி இல்ல, அது ஒழுங்கா செய்யும்லா."

பிறகு உனக்கு வகுப்பு எடுக்கிற வேலை வந்தது. நான் தனியாகப் போனேன்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். லிங்கி ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு மீன் பெட்டியுமாக வெளியே வந்தவன். வண்டியில் ஒரு சாண் இடம் காலியாகப் போனாலும் எனக்கு வயிறு எரியும். உன் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது என்று கட்டளை வேறு. மந்தினில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வியாழக்கிழமை தோறும் மீன் உருண்டை கேட்டார். வழியில் என் கடையில் நீலத்தை இறக்கினேன், மீன் உருண்டையை ஏற்றினேன். திரும்பும்போது நீலத்தை எடுத்துக்கொண்டேன். நீ எழுதச் சொன்ன வெப்பநிலைத் தாளில் சிவப்புக்கு எழுதியதையே நீலத்துக்கும் எழுதினேன், நம்பும்படியாக அரை டிகிரி மாற்றி.

ஏமாற்றுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. குலுங்காமல், வெயில் படாமல் கிடந்தால் உன் உயிரணுக்களுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். உனக்கு உபகாரம் செய்கிறேன் என்றுகூட.

சிறு அளவு கதிரே இத்தனை உயிரணுக்களைக் கொல்கிறது, யாரும் நினைத்ததைவிட அதிகம் என்று நீ கடைக்கே ஓடிவந்து சொன்னாய். கட்டுரை வெளிவந்தது. அம்மா அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதில் ஓர் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. அப்புறம் உனக்கு டிங்கிக் காய்ச்சல். நான்கே நாள்.

உன்னோடு உட்கார்ந்து எண்ணுவாளே சுகந்தி, அவள்தான் இப்போது உன் வேலையைப் பார்க்கிறாள். ஆய்வுக்கூடத்துக்கே ஓர் இயந்திரம் வந்துவிட்டது. பெட்டிகள் கட்டடத்தை விட்டு வெளியே போவதில்லை. உன் சோதனையை அவள் அப்படியே திரும்பச் செய்து பார்த்தாள். அதிகக் கதிருக்கு உன் முடிவுதான் வந்தது. சிறு அளவுக்கு மட்டும் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே நீ கண்ட வித்தியாசம் கிட்டத்தட்டக் காணவில்லை. மலர் எண்களைத் தனக்கு வேண்டியபடி போட்டுக்கொண்டாளோ என்று ஆய்வுக்கூடத்தில் கேட்கத் தொடங்கினார்கள்.

சுகந்தி பழைய தாள்களோடு கடைக்கு வந்தாள். "ரெண்டு பெட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போச்சாண்ணே?"

"போச்சு."

"ரெண்டுமா?"

"அதான் எழுதியிருக்குல்ல."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே இருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையெழுத்துத்தான் மறித்தது. சொன்னால், ரத்த மாதிரி ஏற்றிப் போக என்னை நம்பி வண்டி அமர்த்தியிருப்பவர்கள், இன்னும் எதையெல்லாம் இப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். ஆறு குடும்பம் என் வண்டிகளை நம்பியிருக்கிறது. சொல்லாவிட்டால் நீ பொய்க்காரி. உன்னால் எழுந்துவந்து இல்லை என்று சொல்ல முடியுமா?

மூன்று வாரம் இப்படியே போனது. சாப்பிட்டேன், சரக்கு ஏற்றினேன்.

அப்போதுதான் அம்மா உன் முதல் திதிப் பேச்சை எடுத்தாள். வருகிறவர்களுக்குப் பலகாரத்தோடு அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். "என் பொண்ணு என்னா செஞ்சான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்பா." சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நகல் கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று கேட்டார். சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வண்டிக்குத் திரும்பினேன். சட்டத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டை மாட்டி, ரெம்பாவுக்கு ஓட்டினேன்.

சுகந்தி எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மலரக்கா நாலு மாசம் தன்னையே சந்தேகப்பட்டாங்க, தெரியுமாண்ணே? வித்தியாசம் இவ்ளோ பெருசா வருதே, எங்கியோ தப்பு இருக்குன்னு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப எண்ண வச்சாங்க. கடைசியில உங்க தாளை எடுத்துப் பார்த்துட்டு, 'எங்கண்ணன் எழுதினது சரியா இருக்கு, அப்ப நாம எண்ணுனதும் சரிதான்'னு சொன்னாங்க."



நீ கண்டதில் கதிர் செய்தது எவ்வளவு, ரோட்டுக் குலுக்கல் செய்தது எவ்வளவு என்று கேட்டேன். இப்போதைக்கு யாருக்கும் தெரியாது என்றாள். நீ சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாதாம். சிவப்பு மட்டும் ஊர் சுற்றி வந்ததால் இரண்டையும் பிரிக்க வழியில்லையாம். நீலம் சும்மா போய்வருவது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அந்தச் சட்டத்தைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினாள். எனக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. இனி என் வண்டி வேண்டுமா வேண்டாமா என்று ரத்த மாதிரிக்காரர்கள் கடிதம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டால் விடுதலை என்று நினைத்தேன். அறை மாறியிருக்கிறது, கதவு திறக்கவில்லை.

இந்த முறை நீலம் போய்வரும், தங்கச்சி. இது என் வாக்கு. உன் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பேசி முடித்தது இதுதான். கட்டுரையைத் திரும்பப் பெறும் குறிப்பில், தவறு வண்டியில் நடந்தது என்று என் பெயரோடு வரும். பழைய இயந்திரத்துக்கே, பழைய வழியிலேயே, ஒன்பது வியாழக்கிழமை. மூன்று பெட்டி: சிவப்பு, நீலம், பெடாஸில் என் மேசைக்குக் கீழே கிடக்க ஒரு மஞ்சள். வேறு சரக்கு ஏற்றக் கூடாது. சுகந்தி கூட வந்து தாள் எழுதுவாள்; நான் பேனாவைத் தொடக் கூடாது. பெட்ரோல் என்னுடையது, கூலி கிடையாது. எண்ணிக்கை எப்படி வந்தாலும் அதை மறைக்காமல் வெளியிடுவார்கள், உன் பெயரை முதலில் போட்டு.

உன் வண்டிக்கார அண்ணன்,
செல்வம்